பொங்கல் அழைப்புப் பக்கம்: இடைவெளியால் கண்ணுக்கு வழிகாட்டும் முறை

மும்பை தாராவியின் 90 அடிச் சாலையில் தை முதல் நாளன்று பொங்கலிடும் தமிழர்களுக்காக ஓர் இணைய அழைப்புப் பக்கம் வடிவமைப்பதாகக் கொள்வோம். கரும்பும் கோலமும் தேடுவதற்கு முன்பே, வருபவரின் கண்ணில் எது முதலில் பட வேண்டும் என்பதைத் தாளில் எழுதி வரிசைப்படுத்துங்கள். விழாவின் பெயர் முதலிடம்; நாளும் நேரமும் இடமும் அடுத்தது; நிகழ்ச்சிநிரலும் நன்கொடை விவரமும் அதற்குப் பிறகுதான்.

இரண்டாவதாக எழுத்து. ஆங்கிலத்தில் கேப்பிடல் எழுத்துகளால் தலைப்பைப் பிரித்துக் காட்டுவதுபோல் தமிழில் செய்ய இயலாது. அளவு, தடிமன், நிறம், இடைவெளி ஆகியவையே நம் கருவிகள். மும்பையின் ஏக் டைப் நிறுவனம் உருவாக்கிய முக்தா மலர் எழுத்துரு, கூகுளின் எழுத்துருத் தளமான கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கிறது. பத்தி எழுத்துக்கு 18 பிக்சல் (திரைப்புள்ளி), துணைத்தலைப்புக்கு 24, முதன்மைத் தலைப்புக்கு 36 என்று தொடங்கலாம். ஆனால் தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால், கைபேசியில் தலைப்பை 28 ஆகக் குறைக்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது படியான இடைவெளியில்தான் தொடக்கநிலையாளர்கள் மிகவும் பொறுமை காட்ட வேண்டும். அருகருகே இருப்பவற்றைக் கண் ஒரே தொகுதியாகக் காண்கிறது என்பதை உளவியலாளர் மாக்ஸ் வெர்தைமர் 1923-இல் விளக்கினார். ஆகவே துணைத்தலைப்புக்கும் அதன் பத்திக்கும் நடுவே 8 பிக்சலும், அதற்கு மேலுள்ள பகுதியிலிருந்து 48 பிக்சலும் விடுங்கள். இரண்டும் சமமாக இருந்தால் தலைப்பு எதற்கு உரியது என்றே தெரியாது. எல்லா இடைவெளி அளவுகளையும் 8, 16, 24, 32, 48 என்று எட்டின் மடங்குகளாகவே வைத்துக்கொண்டால், ஒவ்வொரு முறையும் புதிதாக யோசிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பகுதியையும் ஒரு பெட்டியாகக் கொண்டால், அதன் ஓரத்துக்கு உள்ளே விடும் இடைவெளிக்குப் பேடிங் என்றும், வெளியே விடுவதற்கு மார்ஜின் என்றும் பெயர். மேலே புள்ளியும் இகரச் சுழியும், கீழே உகரக் கொக்கியும் நீள்வதால், தமிழ்ப் பத்திக்கு வரி உயரம் (லைன்-ஹைட்) எழுத்தளவைப் போல் 1.7 மடங்கு பொருந்தும், தலைப்புக்கு 1.3 போதும்.

இனி அலங்காரம். மஞ்சளைப் பின்னணிக்கு வைத்துக்கொண்டு, எழுத்துக்கு அடர்ந்த அரக்கு நிறம் கொடுங்கள், ஏனெனில் வெள்ளையின் மேல் மஞ்சள் எழுத்து வாசிக்கவே முடியாதது. இணைய அணுகல் நெறிமுறைகள் சாதாரண எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 ஒளிர்வு வேறுபாட்டைக் கேட்கின்றன. கோலம் பக்கத்தின் உச்சியில் ஒரு பட்டையாக இருக்கட்டும், எழுத்துக்குப் பின்னால் வேண்டாம்.

கைபேசியில் ஒரே நெடுவரிசையும், அகன்ற திரையில் இரண்டும் அமைத்த பின், கண்ணைச் சுருக்கிக்கொண்டு பக்கத்தைப் பாருங்கள். நாளும் இடமும் தனித்துத் தெரியவில்லையென்றால், எழுத்தைப் பெரிதாக்காமல், முதலில் அவற்றைச் சுற்றியுள்ள இடைவெளியை 32-லிருந்து 48 ஆக்கிப் பாருங்கள்.