பத்துத் தடவை எழுதினால் வாசிப்பு வந்துவிடாது

காட்பாடியில் மாலை வகுப்பு நடத்துகிறேன். வாசிக்கத் திணறும் பிள்ளைகள் வருகிறார்கள், அவர்களில் பாதிக்கு மேல் டிஸ்லெக்சியா, அதாவது அறிவில் குறை இல்லாமலே வாசிக்கக் கற்பதில் மட்டும் சிக்கல், உள்ளவர்கள். இந்த ஜூனில் உதவிக்கு மூன்று புது ஆசிரியர்கள் சேர்ந்தார்கள். நன்றாக உழைக்கிறார்கள். ஆனால் நான் ஆரம்பத்தில் செய்த அதே தவறுகளை அவர்களும் செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மனசு கேட்கவில்லை. திட்டக் கூடாது, அடிக்கக் கூடாது என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

இம்போசிஷன்

போன வாரம் ஒரு பையன் 'கோபுரம்' என்று பத்துத் தடவை எழுதிக்கொண்டிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். முதலில் மேலிருந்து கீழாகப் பத்து இரட்டைக் கொம்பு. அப்புறம் அதே மாதிரி பத்து 'க'. அப்புறம் பத்துத் துணைக்கால். எழுத்து முத்து முத்தாக இருந்தது. முடித்ததும், "இது என்னப்பா?" என்றேன். விரலை வைத்து, "கே... ர... பு..." என்று இழுத்தான். துணைக்காலை 'ர' என்று வாசித்திருக்கிறான். பத்துத் தடவை எழுதியும் கோபுரம் அவன் காதில் ஒரு தடவைகூட விழவில்லை.

பேச்சு தானாக வந்துவிடும். வாசிப்பு அப்படி வராது, அதற்கென்று மூளையில் பிறவியிலேயே ஒதுக்கிய இடம் கிடையாது. கண் பார்த்த வடிவம் முதலில் மூளையின் பின்பக்கம் போகிறது. இடது காதுக்குச் சற்று மேலே, பின்னால் உள்ள பகுதியில் அந்த வடிவத்தோடு அதன் ஒலி சேர வேண்டும். இந்தச் சேர்க்கை பல தடவை நடந்த பிறகுதான், இடது பக்கம் கீழே பின்புறம் உள்ள ஒரு பகுதி சொல்லைப் பார்த்தவுடன் அடையாளம் காணப் பழகுகிறது. டிஸ்லெக்சியா உள்ள பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒலியைப் பிரித்து எழுத்தோடு சேர்ப்பதில்தான் சிக்கல். மூளை ஸ்கேனில் இந்த இடது பக்கப் பகுதிகள் குறைவாகவே வேலை செய்வது தெரிகிறது. அதனால் நேற்று வாசித்த சொல்லும் இன்றைக்குப் புதுச் சொல்லாக வந்து நிற்கிறது.

பார்த்து எழுதும்போது வேலை கண்ணுக்கும் கைக்கும்தான். ஒலிக்கு அங்கே இடமே இல்லை. தமிழில் இன்னொரு சங்கடமும் உண்டு. 'கோ' என்று சொல்லும்போது 'க்' முதலில் வருகிறது, ஆனால் கண்ணுக்கு முன்னால் நிற்பது கொம்பு.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் வருகிறது என்றால், குடியாத்தத்திலிருந்து வந்த ஒரு பெண் குழந்தைக்கு நானே ஒரு வருடம் இம்போசிஷன் கொடுத்தேன். நான்கு நோட்டு தீர்ந்தது. அவள் அப்பா லுங்கி நெய்பவர். ஒருநாள் நோட்டைப் புரட்டியவர், "பாவு மட்டும் ஓட்டிட்டு ஊடை போடாத மாதிரி இருக்கே, டீச்சர்" என்றார். பாவு தறியில் நீளவாக்கில் ஓடும் நூல், ஊடை அதைக் குறுக்கே சேர்க்கும் நூல். மேலிருந்து கீழே ஓடிய வரிசைகளை அவர் கண் உடனே பிடித்துவிட்டது. நான் திருத்தி 'நன்று' போட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாம் வகுப்பில் ஒரு வருடம் என்பது சின்ன விஷயம் இல்லை.

இப்போது நோட்டை மூடிவிட்டுத்தான் ஆரம்பிக்கிறோம். பட்டம். 'ப'வை எடுத்துவிட்டு 'வ' போடு. வட்டம். 'க' போடு. கட்டம். எல்லாம் வாயாலேயே. அது வந்த பிறகு எழுத்து அட்டை, அப்புறம் தட்டில் மணல். ஒலியைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே விரலால் எழுத வேண்டும், வாய் மூடியிருந்தால் கணக்கில் சேராது. நோட்டில் இரண்டே தடவை. இப்படி ஒலியையும் எழுத்தையும் முறையாகச் சேர்த்துப் பயிற்சி கொடுத்த பிறகு, மந்தமாக இருந்த அந்த இடது பக்கப் பகுதிகள் கூடுதலாக வேலை செய்வதையும் ஸ்கேன்கள் காட்டியிருக்கின்றன.

"தமிழ் நல்லாத்தான் வாசிக்கிறான்"

இப்படிச் சொல்லி, டிஸ்லெக்சியா இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இங்கிலீஷில் ஒரே எழுத்துக்குப் பல உச்சரிப்பு, அதனால் தப்பு உடனே காதில் விழும். எழுத்துக்கும் ஒலிக்கும் ஓரளவு சீரான உறவு உள்ள மொழிகளில் டிஸ்லெக்சியா பெரும்பாலும் தப்பாகத் தெரியாது, வேகக் குறைவாகத்தான் தெரியும். தமிழிலும் நான் அதைத்தான் பார்க்கிறேன். கூட்டிக் கூட்டிச் சரியாகவே வாசிப்பான், நான்கு வரிக்குள் வியர்த்துவிடும். பாடத்தை மனப்பாடமாக ஒப்பிப்பதையும் வாசிப்பு என்று நம்பிவிடாதீர்கள். பத்தியின் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டுக் கேளுங்கள்.

கண்ணாடி

பிள்ளையின் கண்ணைச் சோதிக்கச் சொல்லுங்கள். ஆனால் டிஸ்லெக்சியாவைக் கண்ணாடி சரிசெய்யாது.

"மந்தம்"

1896இல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர், வாசிக்கவே முடியாத 14 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி எழுதினார். பாடம் முழுக்க வாய்மொழியாக நடந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதையும் அதில் பதிவு செய்திருக்கிறார். நம் ஊர்களில் இன்னும் 'மந்தம்' என்ற சொல் ஓயவில்லை.

எல்லோர் முன்னாலும் வாசிக்கச் சொல்வது

வேண்டாம்.

சான்றிதழைத் தள்ளிப்போடுவது

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில், டிஸ்லெக்சியாவும் அடங்கும் கற்றல் குறைபாடும் ஒன்று. தேர்வில் கூடுதல் நேரமும் சொல்வதை எழுதுபவரும் கேட்கலாம், அதற்குச் சான்றிதழ் வேண்டும். பெற்றோர் பத்தாம் வகுப்புத் தேர்வு நெருங்கும்போது, பிப்ரவரியில்தான் அதற்கு ஓடி வருகிறார்கள். பிள்ளைக்கு எட்டு, ஒன்பது வயது இருக்கும்போதே பெற்றோரிடம் பேசிவிடுங்கள்.