நாற்பதுக்கு மேல் சட்டம் படிக்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தீபாவளியும் வருஷக் கடைசிப் பரீட்சையும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வரும். 43 வயதில் தபால்வழியில் எல்எல்பி சேர்ந்த எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. முதல் வருஷம் முறுக்கு சுட்டு முடித்து, எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டு குடும்பச் சட்டப் புத்தகத்தைத் திறந்தபோது இரவு மணி பதினொன்று. பரீட்சைக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. அந்தப் பாடத்தில் தோற்றேன்.

வயது காரணமில்லை. மணிக்கணக்கு பார்க்காமல் பாடங்களை அள்ளிப் போட்டுக்கொண்டேன், அதுதான் காரணம். தென்னாப்பிரிக்காவில் ஒரு கிரெடிட் என்றால் பத்து மணி நேர உழைப்பு. எல்எல்பிக்கு 480 கிரெடிட். 12 கிரெடிட் உள்ள ஒரு மாட்யூலுக்கு, அதாவது ஒரு பாடத்துக்கு, 120 மணி நேரம். நான்கு மாட்யூலை 15 வாரத்தில் முடிக்க நினைத்தால் வாரத்துக்கு 32 மணி நேரம் வேண்டும். பகலில் வேலை, சாயங்காலம் பிள்ளைகள், வெள்ளிக்கிழமை கோயில் என்று இருக்கிறவருக்கு அது எங்கே கிடைக்கும்? இரண்டே எடுங்கள். வாரம் 16 மணி நேரம் என்றால் தினமும் விடியற்காலையில் இரண்டு மணி நேரம், ஞாயிறு கொஞ்சம் கூடுதல் என்று சமாளித்துவிடலாம். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் என் பக்கத்து வீட்டு அக்கா அப்படித்தான் படித்தார். வருஷம் கூடுதலாக ஆனது, ஆனால் ஒரு பாடமும் போகவில்லை.

ஏற்கெனவே பி.ஏ., பி.காம். முடித்தவர்கள் பணம் கட்டுவதற்கு முன்பே பழைய மதிப்பெண் பட்டியலைக் காட்டி, எந்தெந்தப் பாடத்துக்கு விலக்கு உண்டு என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

அப்புறம், மனப்பாடம். நம் தலைமுறை அப்படித்தான் படித்துப் பழகியது. சட்டத்தில் அது பாதி வழிக்குத்தான் வரும். தீர்ப்பைப் படிக்க வேண்டும், சுருக்கத்தை அல்ல. 2007இல் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்த்த பிள்ளை வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். டர்பனில் ஒரு தமிழ்ப் பெண் மூக்குத்தியோடு பள்ளிக்குப் போனதில் வந்த வழக்கு. பள்ளி அதைத் தடுத்தது நியாயமற்ற பாகுபாடு என்பது முடிவு. அது ஒரு வரி. ஆனால் மூக்குத்தி மதமா, பண்பாடா, கட்டாயம் இல்லாத வழக்கத்துக்கும் பாதுகாப்பு உண்டா என்று நீதிபதிகள் வாதிட்டுப் போவதில்தான் பாடமே இருக்கிறது. நீதிபதி ஓ'ரீகன் மதத்தையும் பண்பாட்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று தனியே எழுதினார். எங்கள் ஆயா மூக்கில் பார்த்த அதே கல்லைப் பற்றி நாட்டின் உச்ச நீதிபதிகள் இத்தனை பக்கம் எழுதியிருக்கிறார்களே என்று இரண்டு முறை படித்தேன். தீர்ப்புகள் சாஃப்லி (SAFLII) என்ற இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

எல்லாவற்றையும் விடப் பெரிய தவறு, பட்டம் வாங்கினால் வக்கீல் ஆகிவிட்டோம் என்று நினைப்பது. அட்டர்னி ஆக வேண்டுமானால் பட்டத்துக்குப் பிறகு ஆர்ட்டிகிள்ஸ், அதாவது வக்கீல் அலுவலகத்தில் பயிற்சி, இருக்கிறது, பொதுவாக இரண்டு வருஷம். நான்கு தாள் தேர்வும் உண்டு, அதில் ஒன்று கணக்கு எழுதுவது. ஆர்ட்டிகிள்ஸில் கிடைக்கும் சம்பளத்தை வைத்து வீட்டுக் கடனும் பிள்ளைகளின் ஃபீஸும் கட்ட முடியாது. நான் இதை நான்காவது வருஷத்தில்தான் யோசித்தேன். ஒரு அலுவலகத்தில் என் வயதைக் கேட்டதும் ஃபைலை மூடிவிட்டார்கள். ஆறு மாதம் அலைந்த பிறகுதான் இடம் கிடைத்தது. ஆகவே சேருகிற நாளிலேயே அந்த இரண்டு வருஷத்துக்கான பணத்தைத் தனியே சேர்க்கத் தொடங்குங்கள். வீட்டில் உட்கார்ந்து வெளிப்படையாகப் பேசிவிடுங்கள்.

பழைய வழக்கு, தண்டனை ஏதாவது இருந்தால் மறைக்காதீர்கள். தகுதியும் நேர்மையும் உள்ளவர்தானா என்று வக்கீலாகச் சேர்த்துக்கொள்ளும்போது பார்ப்பார்கள். பழைய தவறைவிட மறைத்ததுதான் ஆளைக் கவிழ்க்கும்.

இன்னும் விண்ணப்பம் போடவில்லையா? சரி, ஒரு நாள் லீவு எடுத்து டர்பன் பக்கத்திலுள்ள வெருலம் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போய்ப் பின் பெஞ்சில் உட்காருங்கள். விசாரணையை யாரும் பார்க்கலாம். பாதி வழக்குக்கு வாய்தா கொடுப்பார்கள், சாட்சி வந்திருக்க மாட்டார், வக்கீல் ஃபைலைத் தேடிக்கொண்டிருப்பார். மதியம் வரை இருந்த பிறகும் நாளைக்கும் வரலாமா என்று தோன்றினால், அன்றைக்கே படிவத்தை நிரப்புங்கள்.