சொல்லக் கூசும் அடி: மென்பந்துத் துடுப்பாட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரும்போக அறுவடை முடிந்ததும் வன்னியின் வெட்டிய வயல்கள் பல துடுப்பாட்ட மைதானங்களாகிவிடுகின்றன. வெடித்துக் காய்ந்த அந்தத் தரையில் பந்து எப்படி எழும் என்று கணிக்க முடியாததால், துடுப்பெடுத்தாடுபவரின் தொடையிடுக்கில் அது பட்டுவிடுவது அரிதன்று. சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். அடிபட்டவரும் பல்லைக் கடித்துக்கொண்டு கூடச் சிரித்து வைப்பார். பெரும்பாலான அடிகளின் வலி ஒரு மணி நேரத்துக்குள் தணிந்துவிடும். தணியாதவற்றில்தான் வெட்கம் ஆபத்தாகிறது.

குதிக்காலை நிலத்தில் இடித்துக் குதிக்கச் சொல்வதாலும் காலைப் பிடித்து இழுப்பதாலும் எந்தப் பயனும் இல்லை. அடிபட்டவரை நிழலில் படுக்க வைத்து, துணியில் சுற்றிய ஐஸ் கட்டியை, அது கிடைக்காவிட்டால் கடையில் வாங்கிய குளிர்ந்த தண்ணீர்ப் போத்தலை, 10 முதல் 20 நிமிடம் வரை வைத்தெடுக்க வேண்டும். ஐஸைத் தோலில் நேரடியாக வைக்கக் கூடாது. முதல் இரண்டு நாட்களுக்குச் சூட்டு ஒத்தடமும் எண்ணெய் போட்டு உருவுவதும் வீக்கத்தைக் கூட்டும். சித்தாலேப போன்ற தைலங்களை அந்த மெல்லிய தோலில் பூசிய எவரும் இரண்டாம் தடவை பூசமாட்டார்.

மிகப் பெரிய தவறு வீட்டில் நடக்கிறது. பதின்ம வயதுப் பையன் தாயிடம் “வயிறு நோகுது” என்று மட்டும் சொல்கிறான். அது முழுப் பொய்யுமன்று. விதையில் படும் அடியின் வலி அடிவயிற்றுக்கு ஏறும், குமட்டலும் வாந்தியும் வரலாம். தாய் ஓமத் தண்ணீர் கொடுப்பார், தகப்பன் பனடோல் கொடுத்து விடியட்டும் என்பார். வெளிநோயாளர் பிரிவில், வரிசையில் நிற்பவர்கள் கேட்கும்படி எங்கே அடிபட்டது என்று சொல்லக் கூசி, அங்கேயும் அதே வயிற்றுவலியையே அவன் சொல்லிவிட்டால், வைத்தியர் வயிற்றைத்தான் சோதிப்பார். தனியே பேச வேண்டும் என்று கேட்பதில் எந்தத் தவறும் இல்லை.

இந்தத் தாமதம் ஏன் பொல்லாதது என்றால், விதைக்கு இரத்தம் கொண்டு செல்லும் நாளங்கள் முறுக்கிக்கொள்ளும் விதைமுறுக்கம் என்ற நிலை பதின்ம வயதினரிடமே அதிகம் ஏற்படுகிறது. அது சிறிய அடியைத் தொடர்ந்தும் வரலாம், எந்த அடியும் இல்லாமல் உறக்கத்திலும் வரலாம். சுமார் 6 மணி நேரத்துக்குள் அறுவைச் சிகிச்சை செய்தால் விதையைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். 12 மணி நேரம் கடந்தால் வாய்ப்பு வெகுவாகக் குறையும். மாலை ஆட்டத்தில் தொடங்கிய வலியை விடியும்வரை பொறுத்திருந்தால் அந்த நேரம் போய்விடும்.

ஆகவே வலி ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலோ, தணிந்தபின் திரும்ப வந்தாலோ, வாந்தி எடுத்தாலோ, ஒரு பக்கம் வீங்கினாலோ, ஒரு விதை மேலேறி நின்றாலோ, சிறுநீரில் இரத்தம் கலந்தாலோ காத்திருக்கக் கூடாது. உட்கிராமங்களிலிருந்து இரவில் ஓட்டோ தேடி அலைவதை விட 1990 இலக்கத்துக்கு அழைப்பது நல்லது. அந்த அம்புலன்ஸ் சேவை இலவசமானது. அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மாவட்டப் பொது வைத்தியசாலைக்கே போய்ச் சேர வேண்டியிருக்கும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். களைத்துப் போனான் என்று வழியில் சோடாவோ பணிஸோ வாங்கிக் கொடுக்கக் கூடாது. வயிறு நிறைந்திருந்தால் மயக்க மருந்து கொடுப்பது சிக்கலாகிவிடும்.

மென்பந்துக்குக் கார்ட் (தொடையிடுக்கைக் காக்கும் கவசம்) எதற்கு என்று கேட்பவர்களே பலர். தொளதொளத்த காற்சட்டைக்குள் அதைச் சும்மா செருகினால் ஓட்டத்தில் விலகிவிடும். இறுக்கமான உள்ளாடைக்குள்தான் வைக்க வேண்டும். அணிக்கு ஒரே கார்ட் என்று பையில் போட்டு, வேர்வையோடு ஆளுக்கு ஆள் மாற்றினால் படர்தாமரையும் சேர்ந்து மாறும்.