கம்பெனி முழுவதற்கும் ஒரு பி.எம்.ஓ.: எங்கே தொடங்குவது?

பி.எம்.ஓ. (ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் ஆபீஸ்), அதாவது கம்பெனியின் ப்ராஜெக்ட்டுகளை ஒரே இடத்திலிருந்து கண்காணிக்கும் அலுவலகம், அமைக்கச் சொன்னதும் பலர் முதலில் மென்பொருள் டெமோ பார்க்கப் போய்விடுகிறார்கள். அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். முதலில் முடிவாக வேண்டியது, இந்த அலுவலகம் யாருக்குக் கீழே வரும் என்பது. ஐ.டி. தலைவருக்குக் கீழே வைத்தால் ஐ.டி. ப்ராஜெக்ட்டுகளோடு நின்றுவிடும், தொழிற்சாலையும் விற்பனைப் பிரிவும் எட்டிப் பார்க்காது. எம்.டி.யிடமோ சி.ஓ.ஓ.விடமோ (தலைமைச் செயல்பாட்டு அதிகாரி) நேரடியாக இருக்கட்டும். எந்தத் தொகைக்கு மேற்பட்ட ப்ராஜெக்ட் இதன் வழியாக வர வேண்டும், யார் நிறுத்தலாம், யார் பட்ஜெட்டைக் கூட்டலாம் என்று ஒரு பக்கத்தில் எழுதி, அவர் கையெழுத்தோடு எல்லாப் பிரிவுக்கும் அனுப்புங்கள். நிறுத்தும் அதிகாரம் எங்கே இருக்கிறது என்று எழுதாத தாள் வீண்.

அடுத்த மூன்று, நான்கு வாரம் ஒரே வேலை: நடக்கும் ப்ராஜெக்ட் அத்தனையையும் ஒரே எக்செல்லில் கொண்டுவருவது. பிரிவுத் தலைவர்களை மட்டும் கேட்டால் பாதிதான் வரும். அக்கவுண்ட்ஸில் மூலதனச் செலவுக் கணக்கையும் திறந்திருக்கும் பர்ச்சேஸ் ஆர்டர்களையும் வாங்கி ஒப்பிடுங்கள். பொறுப்பாளர் வேலையை விட்டுப் போய் ஆறு மாதமாகியும் பணம் மட்டும் போய்க்கொண்டிருக்கும் ப்ராஜெக்ட் இப்படித்தான் அகப்படும். ஒவ்வொரு வரியிலும் ஸ்பான்சர் (ப்ராஜெக்ட்டுக்குப் பின்னால் நிற்கும் மேலதிகாரி), பொறுப்பாளர், ஒப்புதலான தொகை, செலவு, முடியும் தேதி, அதில் வேலை செய்பவர்களின் பெயர் இருக்க வேண்டும். பெயர்ப் பத்தியை விட்டுவிடாதீர்கள். ஒரே ஆட்டோமேஷன் இன்ஜினியரை நான்கு ப்ராஜெக்ட்டில் 50 சதவீதம் என்று போட்டிருப்பார்கள். கூட்டினால் 200. தாமதத்துக்குக் காரணம் தேடி வேறெங்கும் போக வேண்டாம்.

ப்ராஜெக்ட்டின் நிலையைக் காட்டும் பச்சை, மஞ்சள், சிவப்பு நிறத்தைப் பொறுப்பாளரின் அபிப்பிராயத்துக்கு விட்டால் தர்பூசணிதான் கிடைக்கும்: வெளியே பச்சை, அறுத்தால் சிவப்பு. எண்ணை வைத்து நிறம் போடுங்கள். பட்ஜெட் 40 லட்சம். இன்றைக்கு 20 லட்சத்துக்கான வேலை முடிந்திருக்க வேண்டும். முடிந்ததோ 16 லட்சத்துக்கானது, செலவு 25 லட்சம். கையில் இன்னும் 15 லட்சம் இருக்கிறதே என்று பச்சை காட்டுவார்கள். 16-ஐ 25-ஆல் வகுத்தால் 0.64, அதாவது ஒரு ரூபாய் செலவுக்கு 64 காசு வேலைதான் நடந்திருக்கிறது. இதே போக்கில் போனால் மொத்தச் செலவு 40-ஐ 0.64-ஆல் வகுத்தது, அதாவது 62.5 லட்சம். இது சிவப்பு.

மாதாந்திரக் கூட்டம் ஒரு மணி நேரம் போதும். ஸ்டேட்டஸ் தாள் இரண்டு நாள் முன்பே போய்ச் சேரட்டும். பச்சையைப் பேசவே வேண்டாம். எம்.டி. இரண்டு முறை வராவிட்டால் மூன்றாம் முறை பிரிவுத் தலைவர்கள் ஜூனியர்களை அனுப்புவார்கள்.

ஆட்கள் தொடக்கத்தில் மூன்று பேர். ஒருவருக்காவது கணக்கு நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். படிவமும் நான்குக்கு மேல் வேண்டாம்: தொடக்கத் தாள், மாத ஸ்டேட்டஸ், மாற்றக் கோரிக்கை, முடிப்பு அறிக்கை.

பி.எம்.ஓ.க்கள் பெரும்பாலும் சாவது ரிப்போர்ட் மட்டும் கேட்டுக்கொண்டிருப்பதால்தான். முதல் காலாண்டிலேயே ப்ராஜெக்ட் மேனேஜர்களுக்கு ஏதாவது தீர்த்துக் கொடுங்கள்: பர்ச்சேஸில் தேங்கிய ஆர்டரை நகர்த்துங்கள், அந்த ஆட்டோமேஷன் இன்ஜினியர் எந்த இரண்டு ப்ராஜெக்ட்டில் மட்டும் இருப்பார் என்று எம்.டி.யிடம் முடிவு வாங்குங்கள். அடுத்த மாதம் ஸ்டேட்டஸ் தாள் கேட்காமலே வரும்.

மென்பொருளா? ஒரே எக்செல்லை இரண்டு பேர் திறந்து, ஒருவர் திருத்தியதை மற்றவர் அழிக்கத் தொடங்கும்போது வாங்கலாம்.