செக் என்ஜின் லைட்டும் பெட்ரோல் ஆவிக் கசிவும்: புதிதாக அமெரிக்கா வந்தவர்களுக்கு

வந்து இறங்கி, லைசென்ஸ் எடுத்து, கொஞ்சம் பழைய கார் ஒன்றை வாங்கி ஓட்ட ஆரம்பித்த பிறகு பலருக்கும் வயிற்றைக் கலக்குவது டேஷ்போர்டில் திடீரென்று எரியும் அந்த மஞ்சள் என்ஜின் படம்தான். வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது, சத்தம் இல்லை, இழுவை குறையவில்லை, ஆனால் விளக்கு மட்டும் அணைய மாட்டேன் என்கிறது. இப்படி ஒரு வித்தியாசமும் தெரியாமல் விளக்கு மட்டும் எரிந்தால், காரணம் பெட்ரோல் ஆவிக் கசிவாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஊகத்தில் பாகம் பாகமாக மாற்றிப் பணத்தைக் கரைக்காதீர்கள், கசிவு எங்கே என்று கண்ணால் பார்த்த பிறகு செலவு செய்யுங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் விளக்கைக் கவனியுங்கள். விட்டு விட்டு மின்னினால் என்ஜினுக்குள் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று அர்த்தம், அப்படியே ஓட்டினால் வெளியேறும் புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கெட்டுப்போகும், ஆகவே ஓரமாக நிறுத்திவிடுங்கள். விடாமல் ஒரே சீராக எரிந்து, வண்டியும் வழக்கம்போல ஓடி, வேறு எந்தச் சிவப்பு விளக்கும் இல்லையென்றால் பதற வேண்டாம், வீட்டுக்கு ஓட்டிச் செல்லலாம். ஆனால் பெட்ரோல் வாசனை பலமாக அடித்தாலோ, வண்டிக்கு அடியில் சொட்டினாலோ அது வேறு விஷயம். மூடிய கராஜுக்குள் விடாதீர்கள், ஓட்டவும் வேண்டாம், உடனே மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

அடுத்தது கோடு (code), அதாவது என்ன கோளாறு என்று கார் பதிந்துவைக்கும் எண். 1996 மாடல் முதல் இங்கே விற்ற எல்லா பெட்ரோல் கார்களிலும் ஸ்டீயரிங்குக்குக் கீழே ஓபிடி-2 என்ற சாக்கெட் இருக்கும். அதில் செருகினால் அந்த எண்ணைக் காட்டும் சின்ன ஸ்கேனர் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், கார் வைத்திருக்கும் வரை பயன்படும். பி0455 என்றால் பெரிய கசிவு, பி0442 என்றால் சின்னது, பி0456 என்றால் மிகச் சின்னது, பி0457 என்றால் பெட்ரோல் மூடி தளர்ந்திருக்கிறது அல்லது மூடியே இல்லை. சின்னது என்றால் எவ்வளவு தெரியுமா? பி0442-க்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் துளை, பி0456-க்கு அதில் பாதி, குண்டூசி முனை அளவுதான். அவ்வளவு சின்ன ஓட்டையைக் கார் தானே கண்டுபிடிக்கிறது என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. டாங்கில் இருக்கும் பெட்ரோல் எப்போதும் ஆவியாகிக்கொண்டே இருக்கும், அதைக் காற்றில் விட்டால் புகைமூட்டத்துக்குக் காரணமாகும், அதனால் ஆவி முதலில் கரித்துகள் நிரம்பிய கேனிஸ்டர் என்ற பெட்டிக்குள் போய் ஒட்டிக்கொள்கிறது. வண்டி ஓடும்போது பர்ஜ் வால்வு திறந்து அந்த ஆவியை என்ஜினுக்குள் இழுத்து எரித்துவிடும், அந்த நேரத்தில் வென்ட் வால்வு வழியாக வெளிக்காற்று கேனிஸ்டருக்குள் வரும். சோதனை நேரத்தில் கார் வென்ட் வால்வை மூடி, என்ஜினின் உறிஞ்சலைக் கொஞ்சம் டாங்குக்குள் விட்டு, பர்ஜ் வால்வையும் அடைத்துவிட்டு, அழுத்தம் அப்படியே நிற்கிறதா என்று சென்சாரில் பார்க்கிறது. நிற்கவில்லையென்றால் எங்கோ ஓட்டை. எல்லா கார்களும் இதே மாதிரி செய்வதில்லை, பல டொயோட்டா மாடல்களில் வண்டியை நிறுத்திச் சுமார் 5 மணி நேரம் கழித்து ஒரு சின்ன பம்ப் தானாக ஓடிச் சோதிக்கும். நடு இரவில் காரின் பின்பக்கம் லேசாக உறுமினால் பயப்பட வேண்டாம், அது இந்தப் பம்ப்தான்.

சரி, வேலையைத் தொடங்கும் இடம் பெட்ரோல் மூடி. கழற்றி, அதன் ரப்பர் வளையத்தைச் சுற்றிலும் விரலால் தடவிப் பாருங்கள், வெடிப்போ தட்டையான இடமோ இருந்தால் அந்தக் காருக்கே உரிய மூடியை வாங்கி மாற்றுங்கள், எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று விற்கும் மூடி சில நேரம் சரியாக உட்காராது. மூடி உட்காரும் குழாயின் விளிம்பையும் துடைத்துப் பாருங்கள். பிறகு டிக் டிக் என்று சத்தம் வரும்வரை திருகுங்கள். மூடியை இறுக்கியதும் விளக்கு அணையும் என்று எதிர்பார்க்காதீர்கள், தொடர்ந்து மூன்று முறை சோதனையில் தேறினால்தான் பொதுவாக அணையும். அந்தச் சோதனையும் நினைத்த நேரத்தில் நடக்காது, பெரும்பாலான கார்களில் என்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும், டாங்கில் பெட்ரோல் ஏறத்தாழ 15 முதல் 85 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஆகவே ஒன்றிரண்டு வாரம் பொறுத்துப் பாருங்கள்.

மூடி சரியாக இருந்தும் விளக்கு எரிகிறதா? பெட்ரோல் போடும்போது நடப்பதைக் கவனியுங்கள், அங்கேயே துப்புக் கிடைக்கும். டாங்க் நிரப்பிய உடனே வண்டி திணறித் திணறி ஸ்டார்ட் ஆனால் பர்ஜ் வால்வு மூடாமல் திறந்தே மாட்டிக்கொண்டிருக்கலாம். டாங்க் காலியாக இருக்கும்போதே பம்பின் குழாய் டக் டக்கென்று நின்று நின்று போனால் வென்ட் வால்வோ கேனிஸ்டரோ அடைத்திருக்கலாம், தூசியும் சிலந்திக்கூடும் வென்ட் வழியை அடைப்பது சாதாரணமாக நடக்கும். பர்ஜ் வால்வை வீட்டிலேயே பார்க்கலாம்: என்ஜின் சும்மா ஓடும்போது வால்வின் மின் இணைப்பைக் கழற்றிவிட்டு, கேனிஸ்டர் பக்கம் போகும் குழாயை உருவி, வால்வின் வாயில் விரலை வையுங்கள். விரலை உறிஞ்சினால் வால்வு கசிகிறது. வாய் வைத்து மட்டும் இழுத்துப் பார்க்காதீர்கள், உள்ளே இருப்பது பெட்ரோல் ஆவி.

இதிலும் தெரியவில்லையென்றால் ஸ்மோக் டெஸ்ட். வென்ட் வழியை அடைத்துவிட்டு, மிகக் குறைந்த அழுத்தத்தில், 1 பிஎஸ்ஐ-க்கும் கீழே, புகையை உள்ளே விடுவார்கள். ஓட்டை இருக்கும் இடத்தில் அந்தப் புகை நூல் மாதிரி வெளியே வரும், விளக்கடித்துப் பார்த்தால் யாருக்கும் தெரியும். இதை டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரெஸரை வைத்து நீங்களே செய்து பார்க்கலாம் என்று நினைக்கவே கூடாது, அந்த அழுத்தம் டாங்கையும் சென்சாரையும் கெடுத்துவிடும், தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு.

நான் இந்த டெஸ்டை இவ்வளவு வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. வந்த புதிதில் என் காரில் பி0455 வந்தபோது ஒரு பட்டறையில் கோடு எண்ணை மட்டும் படித்துவிட்டுப் பர்ஜ் வால்வை மாற்றினார்கள், விளக்கு திரும்ப வந்தது, அடுத்து கேனிஸ்டரை மாற்ற வேண்டும் என்றார்கள். வேறு இடத்தில் ஸ்மோக் டெஸ்ட் செய்தபோது புகை வந்தது, பெட்ரோல் ஊற்றும் குழாய் டாங்கோடு சேரும் இடத்தில் துருப்பிடித்து அரித்த ஓட்டையிலிருந்து. பனிக்காலத்தில் சாலையில் உப்புப் போடும் ஊர்களில் ஓடிய வண்டிகளில் இந்தக் குழாய் அரிப்பது சகஜம் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். மாற்றிய வால்வில் எந்தக் குறையும் இருந்ததில்லை. கோடு கசிவின் அளவைத்தான் சொல்லும், இடத்தைச் சொல்லாது. அதனால் மெக்கானிக்கிடம் போனால் நேராகக் கேளுங்கள்: "ஸ்மோக் டெஸ்ட் செய்தீர்களா, எங்கே கசிகிறது, எனக்குக் காட்ட முடியுமா?" ஆங்கிலம் தடுமாறினாலும் பரவாயில்லை, போனில் புகையை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், நல்ல மெக்கானிக் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கேனிஸ்டரைக் கெடுக்கும் ஒரு பழக்கமும் நம் கையில் இருக்கிறது. பெட்ரோல் போடும்போது குழாய் தானாக நின்ற பிறகும் கணக்கை முழுதாக்க இன்னும் இரண்டு அழுத்து அழுத்தாதீர்கள். ஆவிக்காக வைத்த கரித்துகளுக்குள் திரவப் பெட்ரோல் போய்விட்டால் அது பாழாகிவிடும், மாற்றுவதற்குச் செலவு அதிகம்.

கடைசியாக, ஸ்கேனரில் இருக்கும் அழிக்கும் பட்டனைப் பற்றி. அழுத்தினால் விளக்கு அணையும், ஆனால் கார் தன்னைத்தானே சோதித்துவைத்த முடிவுகளும் சேர்ந்து அழிந்துபோகும், அடுத்த நாளே மாநில விதிப்படி நடக்கும் வாகனப் புகைப் பரிசோதனைக்குப் (emissions test) போனால் "தயாராக இல்லை" என்று திருப்பி அனுப்பிவிடலாம். விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், சில மாநிலங்களில் இந்தப் பரிசோதனையே கிடையாது, உங்கள் மாநில விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய கார் வாங்கப் போகும்போது இதே விஷயம் உங்களுக்கு உதவும். விற்பவர் காட்டும்போது விளக்கு அணைந்திருந்தால் மட்டும் போதாது, உங்கள் ஸ்கேனரைச் செருகி ரெடினஸ் (readiness) என்ற பக்கத்தைப் பாருங்கள், காரின் எந்தெந்தச் சோதனை முடிந்திருக்கிறது என்று அதில் தெரியும். ஆவி அமைப்பின் (EVAP) சோதனை மட்டும் முடியாமல் இருந்தால் பெரிதாகச் சந்தேகப்பட வேண்டாம், அது முடிய நாளாகும். ஆனால் பல சோதனைகள் ஒன்றாக முடியாமல் இருந்தால் கோடு எண்ணை அண்மையில் அழித்திருக்கிறார்கள், அல்லது பாட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். காரணத்தைக் கேளுங்கள், ஒரு வாரம் ஓட்டிவிட்டுத் திரும்பக் காட்டச் சொல்லுங்கள், அதுவரை முன்பணம் கொடுக்காதீர்கள்.