‘ஜிலிப்சி_2.34 நாட் ஃபவுண்ட்’: பில்ட் ஆன நிரல் சர்வரில் ஓடாவிட்டால்

உபுண்டு 22.04 கணினியில் பில்ட் செய்த நிரல் அங்கே நன்றாக ஓடுகிறது. அதையே உபுண்டு 20.04 சர்வரில் போட்டால் ‘வெர்ஷன் ஜிலிப்சி_2.34 நாட் ஃபவுண்ட்’ என்று சொல்லி நின்றுவிடுகிறது. உங்கள் கோடில் தவறில்லை. ஜிலிப்சி என்பது லினக்ஸ் நிரல்கள் நம்பியிருக்கும் அடிப்படை சி லைப்ரரி. 22.04-இல் இருப்பது ஜிலிப்சி 2.35, 20.04-இல் இருப்பது 2.31.

லிங்க் செய்யும்போது ஒவ்வொரு ஃபங்ஷன் பெயரோடும் அதன் பதிப்பு எண்ணும் பைனரியில் பதிவாகிறது. பழைய எண்களைப் புதிய ஜிலிப்சியும் வைத்திருக்கும். புதிய எண் பழையதில் எப்படி இருக்கும்? 2.34-இல் த்ரெட்களைக் கையாளும் பிதிரெட் லைப்ரரி, ஜிலிப்சியின் முக்கியக் கோப்பான லிப்சிக்குள்ளேயே சேர்ந்தது. மெயினை அழைக்கும் தொடக்க ஃபங்ஷனுக்கும் அப்போது புதிய எண் வந்தது. அதனால்தான் ‘வணக்கம்’ என்று ஒரே வரி அச்சிடும் நிரல்கூட 2.34 கேட்கிறது.

1. பிழைச் செய்தியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். ‘ஜிலிப்சி’ என்று மட்டும் இருந்தால் சி லைப்ரரி. பின்னால் ‘எக்ஸ்எக்ஸ்’ ஒட்டியிருந்தால் ஜிசிசி கம்பைலரோடு வரும் சி++ லைப்ரரி. இரண்டுக்கும் மருந்து வேறு.

2. இரண்டு கணினிகளிலும் ‘எல்டிடி --வெர்ஷன்’ கொடுங்கள். முதல் வரியின் கடைசியில் ஜிலிப்சி எண் இருக்கும்.

3. ‘ஆப்ஜ்டம்ப்’ கட்டளைக்குப் பெரிய டி (-T) ஆப்ஷனும் உங்கள் நிரலின் பெயரும் கொடுத்து, வரும் பட்டியலை ‘கிரெப்’ மூலம் ஜிலிப்சி வரிகளாக வடிகட்டுங்கள். அதில் பெரிய எண்தான் உங்கள் நிரலின் குறைந்தபட்சத் தேவை. தொடக்கத்தில் பலரும் தவறுவது இங்கேதான்: இவை தசம எண்கள் அல்ல. 2.4-ஐவிட 2.34 முப்பது பதிப்புகள் புதியது.

4. ஓட வேண்டிய கணினிகளில் எது பழையதோ, அதே பதிப்பில் பில்ட் செய்யுங்கள். டாக்கரில் உபுண்டு 20.04 இமேஜை எடுத்து, சோர்ஸ் ஃபோல்டரை மவுண்ட் செய்து, ‘பில்ட்-எசென்ஷியல்’ நிறுவினால் போதும். பழைய பில்ட் ஃபோல்டரை முழுவதுமாக அழித்துவிட்டுத் தொடங்குங்கள். முன்பு கம்பைல் ஆன ஆப்ஜெக்ட் கோப்புகளும் சிமேக் கேஷும் கிடந்தால் பழைய சிக்கல் அப்படியே திரும்பி வரும்.

சி++ லைப்ரரிதான் சிக்கல் என்றால் கதை கொஞ்சம் மாறும். 20.04-இன் லைப்ரரி 3.4.28 வரைதான் அறியும். ஜிசிசி 13 அதற்கு மேலும் கேட்கலாம். கன்டெய்னருக்குள் வெளி ரெப்போவிலிருந்து புதிய ஜிசிசி நிறுவினால் சி++ லைப்ரரியும் கூடவே புதுப்பிக்கப்படும். அதனால் அங்கே ஓடும் நிரல் சர்வரில் விழும். லிங்க் வரியில் ‘-ஸ்டாடிக்-லிப்எஸ்டிடிசி++’, ‘-ஸ்டாடிக்-லிப்ஜிசிசி’ இரண்டையும் சேர்த்தால் அவை பைனரிக்குள்ளேயே வந்துவிடும். உங்கள் நிரல் வேறு சி++ ஷேர்டு லைப்ரரிகளையும் ஏற்றுகிறது என்றால் இதைத் தவிர்ப்பது நல்லது. ஒரே பிராசஸில் சி++ லைப்ரரியின் இரண்டு பிரதிகள் சேர்ந்து இயங்குவது ஆபத்து.

புதிய லிப்சி கோப்பை சர்வரில் பழையதன் மேல் காப்பி செய்யாதீர்கள், தயவுசெய்து. லிப்சியும், நிரல்களை நினைவகத்தில் ஏற்றும் லோடரும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும். ஜோடி பிரிந்தால் ‘எல்எஸ்’, ‘சிபி’ எதுவும் ஓடாது. பழைய கோப்பைத் திருப்பி வைக்கத் தேவையான ‘சிபி’யே செத்திருக்கும்.

5. பில்ட் முடிந்ததும் மூன்றாம் படியை மறுபடி செய்யுங்கள். 2.31-ஐத் தாண்டி எந்த எண்ணும் இல்லையென்றால் சர்வருக்கு அனுப்பலாம்.