'மெனோ'வைப் பென்சிலோடு படியுங்கள்

அறிவு பிறவியிலேயே இருக்கிறதா, கற்று வருவதா என்றால் 'பிளேட்டோ பிறவி என்றார், அரிஸ்டாட்டில் அனுபவம் என்றார்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அதை நம்பினால் சுவாரசியமான இடமெல்லாம் போய்விடும். பிளேட்டோவின் 'மெனோ' என்ற உரையாடல் நூலை எடுங்கள், முழுக்கக்கூட வேண்டாம், ஓரத்தில் 80 முதல் 86 வரை எண் போட்ட பகுதி போதும் (1578-ல் வந்த ஸ்டெஃபானஸ் பதிப்பின் பக்க எண்கள் அவை). தாளும் பென்சிலும் கட்டாயம்.

சாக்ரட்டீஸிடம் மெனோ கேட்கும் கேள்வியில் தொடங்குங்கள்: ஒன்று என்னவென்றே தெரியாதபோது அதை எப்படித் தேடுவது, எதிரே வந்து நின்றாலும் அதுதான் இது என்று எப்படிக் கண்டுகொள்வது? கற்பதெல்லாம் ஆன்மா முன்பே அறிந்ததை நினைவுகூர்வதுதான் என்கிறார் சாக்ரட்டீஸ். அதைக் காட்ட மெனோவின் அடிமைச் சிறுவன் ஒருவனைக் கூப்பிடுகிறார். இவன் கிரேக்கம் பேசுவானா என்று மட்டும் முதலில் விசாரித்துக்கொள்கிறார் (கிரேக்கம் அவன் கற்றுக்கொண்டதுதானே என்று மெனோ கேட்டிருக்கலாம், கேட்கவில்லை).

இப்போது வரையுங்கள். ஒரு சதுரம், பக்கம் 2 அடி, பரப்பு 4 சதுர அடி. பரப்பு இருமடங்கு, அதாவது 8 ஆக, சதுரத்தின் பக்கம் எவ்வளவு இருக்க வேண்டும்? பையன் பக்கம் 4 என்கிறான், 16 ஆகிறது. 3 என்கிறான், 9 ஆகிறது. சத்தியமாகத் தெரியவில்லை என்கிறான். கடைசியில் மூலைவிட்டத்தின் மேல் எழுப்பிய சதுரம்தான் 8. ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் குறி போட்டுக்கொண்டே வாருங்கள்: பையனே யோசித்தானா, கேள்விக்குள்ளேயே விடை இருந்ததா? மூலைவிட்டத்தைக் கொண்டுவருவது சாக்ரட்டீஸ்தான், அதனால் இது ஏமாற்று என்று பலரும் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். என்னைக் கேட்டால் வலுவான இடம் அதற்கு முன்னால் இருக்கிறது. தன் விடை தப்பு என்பதைப் பெரியவர் சொல்கிறார் என்பதற்காக அவன் ஒத்துக்கொள்ளவில்லை, தானே எண்ணிப் பார்த்து ஒத்துக்கொள்கிறான். அந்தப் 'பார்த்தல்' எங்கிருந்து வந்தது?

சரி, அதே கேள்வியோடு அரிஸ்டாட்டிலிடம் போங்கள். 'போஸ்டீரியர் அனலிட்டிக்ஸ்' நூலின் கடைசி அத்தியாயம், சில பக்கம்தான். அவ்வளவு துல்லியமான அறிவு நமக்குள்ளேயே இருந்தும் நமக்குத் தெரியாமல் இருக்குமா என்று பிறவி அறிவை முதலிலேயே தள்ளிவிடுகிறார். புலனறிவிலிருந்து நினைவு, பல நினைவுகளிலிருந்து அனுபவம், அதிலிருந்து பொதுமை, அதாவது பலவற்றுக்கும் பொருந்தும் பொதுக் கருத்து. சிதறி ஓடும் படையில் ஒருவன் நிற்க, அடுத்தவன் நிற்க, அணி மறுபடி சேர்வதுபோல என்கிறார். முதல் ஆள் ஏன் நின்றான்? ஆன்மா அப்படி நிகழக்கூடிய இயல்புடையது என்று ஒரே வரியில் கடந்துவிடுகிறார். அந்த வரியைச் சுற்றி வட்டம் போடுங்கள், ஏனென்றால் பிறவியிலேயே அமைந்த ஒன்றை அவரும் அங்கே ஏற்கிறார், அறிவாக அல்ல, திறனாக.

இதற்கப்புறம் பிளேட்டோவின் இன்னொரு உரையாடலான 'ஃபைடோ'வில் 72 முதல் 77 வரை படியுங்கள்.